தரைக்கு வலிக்காமல் தூக்குவது எப்படி

ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியையை ஊரில் இரண்டு காரியத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒன்று, ஆண்டு விழாவில் மியூசிக்கல் சேர் போட்டிக்கு விசில் ஊத. மற்றொன்று, யாராவது ஜிம் திறந்தால் ரிப்பன் வெட்டுகிறவருக்குப் பக்கத்தில் கைதட்டிக்கொண்டு நிற்க. போன மாதம் கள்ளக்குறிச்சியிலிருந்து இரண்டாவது வகை அழைப்பு வந்தது. ஏசி, சுவரெங்கும் கண்ணாடி, பெண்களுக்குத் தனி நேரம் என்று எல்லாம் இருந்தது. பயிற்சியாளராக இருந்த பெண் என்னை ஒரு கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி செல்போனை நீட்டினாள்.

“மேடம், நீங்க மலையில தனியாவே வெயிட் தூக்கிக்கினு இருந்தீங்களாமே. பார்ட்னர் இல்லாம சேஃபா தூக்கறது எப்படின்னு சொல்லுங்க. முப்பது செகண்ட்ல முடிச்சிடுங்க. அதுக்கு மேல யாரும் பாக்க மாட்டாங்க.”

நான் தொண்டையைச் செருமி, வணக்கம் சொல்லி, என் பெயரையும் பதவியையும் சொல்லி, ‘முதல்ல’ என்று ஆரம்பித்தபோது நேரம் முடிந்துவிட்டது. பின்னணியில் ஒரு பாட்டைச் சேர்த்து அதை அப்படியே போட்டார்கள். நிறையப் பேர் பார்த்தார்களாம். ‘முதல்ல’ என்பதற்குப் பிறகு என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நைனார்பாளையம். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பும் மரவள்ளியும் போட்டவர். கல்லூரியில் எனக்குப் பளு தூக்கக் கற்றுக்கொடுத்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு பயிற்சியாளர். முதல் மாதம் முழுக்க அவர் எங்களை எதையும் தூக்க விடவில்லை. கீழே போட மட்டும் பழக்கினார். வெறும் கம்பியைத் தோளில் வைக்கச் சொல்லிவிட்டு, “காலு வழுக்குது. இப்போ இன்னா பண்ணுவ?” என்பார். கம்பியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் ஓர் எட்டு வைக்க வேண்டும். தயங்கினால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். அவரிடம் ஓடி ஓடியே எனக்கு ஓட்டப்பந்தயத்தில் ஒரு பரிசு கிடைத்தது. பளு தூக்குவதில் மாநில அளவில் வெண்கலம் கிடைத்தது. அந்தப் பதக்கத்தை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டினார். பெண் பளு தூக்குவாள் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பயந்து ஓடிவிடுவார்கள் என்பது அவர் பயம். கடைசியில் தெரிந்தபோது யாரும் ஓடவில்லை. கேஸ் சிலிண்டர் மாற்ற இனி ஆள் தேட வேண்டாம் என்று என் மாமியார் மகிழ்ச்சியடைந்தார்.

பிறகு அரசு வேலை கிடைத்தது. சில ஊர்களுக்குப் பிறகு கல்வராயன் மலைக்கு மாற்றினார்கள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே மாற்றலாகி வருகிறவர்கள் முதல் நாளே மாற்றல் கேட்டு எழுதிப் போடுவது வழக்கம். நானும் எழுதினேன். அது கிடைப்பதற்குள் எனக்கு மலை பிடித்துப்போய், கிடைத்தபோது வேண்டாம் என்று எழுத வேண்டியதாயிற்று. வார நாட்களில் ஆசிரியர் குடியிருப்பில் தனியாக இருப்பேன். வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துக் கீழே இறங்குவேன்.

தலைமையாசிரியர் கலியபெருமாள் சார் நல்லவர். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் அப்படி நினைக்கப் போவதில்லை. அவர் யாரையும் அதட்ட மாட்டார். எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார். “நியாயந்தாங்க டீச்சர், பாக்கலாம்ங்க” என்பார். அந்தப் ‘பாக்கலாம்ங்க’வுக்குள் பள்ளியின் பாதி வேலைகள் பல வருடங்களாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அவருடைய பக்தி முழுவதும் பொருட்களின் மேல். அரசாங்கம் கொடுத்த பொருள் கொடுத்த அன்று இருந்தது போலவே இருக்க வேண்டும். யாரும் தொடாமல் இருந்தால் அப்படியே இருக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அவருடைய நாற்காலி வந்து பல வருடங்களாகியும் அதன் பாலிதீன் உறையைப் பிரிக்கவில்லை. வெயில் காலத்தில் அவர் எழுந்தால் உறையும் சட்டையோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் எழுந்து, பிறகு மனமில்லாமல் விட்டுப் பிரியும். அந்தச் சத்தம் கேட்டால் சார் ரவுண்ட்ஸ் கிளம்பிவிட்டார் என்று மற்ற ஆசிரியர்கள் செல்போனை உள்ளே வைப்பார்கள்.

ஏதோ ஒரு திட்டத்தில் பள்ளிக்குப் பளு தூக்கும் சாமான்கள் வந்திருந்தன. பார் என்று நாங்கள் சொல்கிற நீளக் கம்பி, அதன் இரு முனைகளிலும் மாட்ட இரும்புத் தட்டுகள், படுத்துக்கொண்டு தூக்க ஒரு பெஞ்ச். எல்லாம் சாக்குத் துணி சுற்றியபடியே பூட்டிய அறையில் இருந்தன. எடுத்துப் பழகலாமா என்று கேட்டேன்.

“தேஞ்சிடாதுங்களா டீச்சர்?”

“இரும்பு சார்.”

“இரும்புன்னா துரு புடிக்குமே.”

“பூட்டி வெச்சாலும் புடிக்கும் சார்.”

இது அவரை உண்மையிலேயே கலவரப்படுத்தியது. எண்ணெய் போட்டுத் துடைப்பதற்கு மட்டும் என்று சொல்லி மறுநாள் சாவியைக் கொடுத்தார். நான் தினமும் துடைக்க ஆரம்பித்தேன். துடைக்க வேண்டுமென்றால் தூக்கித்தானே ஆக வேண்டும்.

இடமும் கிடைத்தது. ஓர் அறைக்கு வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் அறையாக இருக்க வேண்டியது. டைல்ஸ் மலை ஏறி வந்துவிட்டது, கம்ப்யூட்டர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் பெண்பிள்ளைகள் உள்ளே உடற்பயிற்சி செய்யலாம் என்று காரணம் சொல்லி அந்த அறையை வாங்கினேன். சார் அதற்குள் நுழைவதென்றால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார்.

துணைக்கு ஆள் தேடாமலும் இல்லை. ஆண் ஆசிரியர்கள் ஓரிருவர் உதவுகிறேன் என்றார்கள். நான் படுத்துத் தூக்குவேன், தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும் என்று விளக்கியதும் இன்னும் பலர் முன்வந்தார்கள். தனியாகவே தூக்குவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். ஆசிரியைகளில் ஒருவர், கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று என்னை எச்சரித்தார். அவர் தினமும் குழாயடியிலிருந்து மேட்டில் இருந்த வீட்டுக்கு இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து போகிறவர். அதற்குக் கர்ப்பப்பை ஆட்சேபிக்கவில்லை போலும்.

ஆக, அந்த முப்பது வினாடியில் சொல்ல முடியாமல் போனது இதுதான். தனியாகத் தூக்குகிறவள், தோற்றால் எப்படித் தப்பிப்பது என்பதைத் தயார் செய்துகொண்ட பிறகுதான் பாருக்கு அடியில் படுக்க வேண்டும். பெஞ்சின் இரு பக்கமும் மண் நிரப்பிய சாக்குகளை அடுக்குவேன். நெஞ்சை நிமிர்த்திப் படுத்தால் பார் நெஞ்சைத் தொட வேண்டும். மூச்சை விட்டு உடம்பைத் தட்டையாக்கினால் பார் சாக்கின் மேல் உட்கார வேண்டும், என் மேல் அல்ல. சாக்கின் உயரம் அந்த அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். முதலில் வெறும் பாரை இறக்கி, சாக்கில் உட்கார வைத்து, அடியிலிருந்து நழுவி வெளியே வந்து பார்ப்பேன். வர முடிந்தால்தான் தட்டுகள். கட்டைவிரல் பாரைச் சுற்றியிருக்க வேண்டும். தட்டுகள் நழுவாமலிருக்கப் பாரின் முனைகளில் கிளிப் மாட்டுவது வழக்கம். தனியாகப் படுத்துத் தூக்கும்போது அதை மாட்டக் கூடாது. பாருக்கு அடியில் சிக்கினால் ஒரு பக்கம் சாய்த்துத் தட்டுகளைக் கீழே கொட்டிவிட்டுத் தப்பித்துவிடலாம். இன்னும் ஒரு தடவை முடியும் போலிருக்கிறதே என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அப்படித் தோன்றுவதை நம்பிய பலரை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். எதுவுமே கைகொடுக்காவிட்டால், பாரை வயிற்றுப் பக்கமாக உருட்டி இடுப்புக்குக் கொண்டுவந்து எழுந்து உட்கார வேண்டும். வலிக்கும். கழுத்துப் பக்கம் விட்டால் வலிக்காது, அதோடு எதுவுமே வலிக்காது.

கத்திக் கூப்பிடலாம் என்று நம்பக் கூடாது. நெஞ்சின் மேல் எடை இருக்கும்போது கத்துவதற்கு மூச்சு வராது. கைக்கெட்டும் தூரத்தில் செல்போனை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நானும் வைத்துக்கொண்டேன். சிக்னல் வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற வேண்டும்.

இப்படி நான் துடைத்துக்கொண்டிருந்ததை ஒருநாள் வாசலில் நின்று பார்த்தவள் அஞ்சலை. விடுதிச் சமையலர். உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக்காரி. புருஷன் விட்டுப் போன பிறகு இந்த வேலை கிடைத்து மலைக்கு வந்தவள். என்னைவிடச் சில வயது இளையவள். தற்காலிகப் பணியாளர் என்பதால் ஒரு சொல்லில் வேலை போய்விடும். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இதுக்கு இன்னா டீச்சர் குடுக்கறாங்க?”

“ஒன்னும் குடுக்கறதில்ல.”

“சும்மாவா தூக்கறீங்க? நம்ம சமையல்கட்டுல வந்து தூக்கக் கூடாதா?”

சோற்று அண்டாவை அவளும் உதவியாளரும்தான் அடுப்பிலிருந்து இறக்குவார்கள். உதவியாளர் வராத நாட்களில் அவள் மட்டும். இடுப்பு வலி இருந்தது. தைலம் தடவித் தடவி அவள் பக்கத்தில் போனாலே யூகலிப்டஸ் தோப்பு மாதிரி மணக்கும். முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கி எடுக்க நான் சொல்லிக்கொடுத்தேன். சில வாரங்களில் தைல வாசனை குறைந்து, குழம்பு வாசனை தெரிய ஆரம்பித்தது. அதன் பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் தினமும் வந்தாள். மற்ற எல்லாப் பயிற்சிகளையும்விட பெஞ்சில் படுத்துத் தூக்குவதுதான் அவளுக்குப் பிடித்தது. ஏன் என்று கேட்டேன்.

“காலைலேர்ந்து நின்னுக்கினே இருக்கேன் டீச்சர். படுத்துக்கினு செய்யற வேலைன்னு எனக்கு வேற இன்னா இருக்கு?”

அவளுக்கும் முதலில் கீழே போடத்தான் பழக்கினேன். ஒருநாள் பாரைச் சாய்த்துத் தட்டைக் கொட்டிப் பழகும்போது, ஒரு சின்னத் தட்டு சாக்கைத் தாண்டி உருண்டு ஒரு டைல்ஸின் மூலையைப் பெயர்த்துவிட்டது. சார் வந்தார். செருப்பைக் கழற்றினார். குந்தி உட்கார்ந்து, கைக்குட்டையால் அந்த மூலையைத் துடைத்தார். அடிபட்ட குழந்தையின் முழங்காலைக்கூட ஒருவர் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை. மறுநாள் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. பளு தூக்குவோர் கட்டாயம் கிளிப் மாட்ட வேண்டும். தரைக்குச் சேதம் விளைவிப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

நான் அவர் அறைக்குப் போய், கிளிப் மாட்டினால் ஆபத்து என்ன என்று விளக்கினேன். கைகளால் காட்டினேன். ஒரு ஸ்கேலைப் பார் மாதிரி பிடித்து அவர் மேசை மேல் படுக்காத குறையாகச் செய்து காட்டினேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது நியாயந்தாங்க டீச்சர். ஆனா தரைக்கு யாருங்க பொறுப்பு?”

“உசுருக்கு யாருங்க சார் பொறுப்பு?”

“அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே.”

அறிவிப்பை மரியாதையோடு ஒருமுறை படித்துவிட்டுக் கிளிப்பைக் கழற்றி வைப்பது என் வழக்கமாயிற்று. அஞ்சலைக்கும் அப்படியே சொன்னேன். நான் இல்லாத நாளில் பெஞ்சில் படுக்கவே கூடாது என்றும் சொல்லியிருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஓர் அதிகாரி பள்ளியைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. பார்வையிட வருகிறவர் கண்ணில் பள்ளிக்கூடத்தின் சாயலே படக் கூடாது என்பது போல ஏற்பாடுகள் நடந்தன. மண் சாக்குகளிலிருந்து மண் சிந்துகிறது, வெள்ளைத் தரை அழுக்காகிறது என்று சார் அவற்றைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். நான் கபடிக் குழுப் பெண்களை அழைத்துக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்குப் போயிருந்தேன். அஞ்சலை மதியப் பாத்திரங்களைக் கழுவி முடித்துவிட்டு அறைக்குப் போனாள். முந்தின நாள் என் முன்னால் ஐம்பது கிலோவைத் தூக்கியிருந்தாள். அதை இன்னொரு தடவை தூக்கிப் பார்க்க அவளுக்கு ஆசை. சார் அடிக்கடி ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருந்ததால், திட்டு வாங்க வேண்டாம் என்று கிளிப்பையும் மாட்டினாள்.

நடந்ததை அவளே பிறகு சொன்னாள். முதல் தடவை சுலபமாக மேலே போனதாம். இரண்டாவதும் போனதாம். மூன்றாவது, பாதி வழியில் நின்று, மெதுவாக இறங்கி, நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டது. சாய்த்துப் பார்த்தாள். கிளிப் இருந்ததால் தட்டுகள் நகரவில்லை. கத்தப் பார்த்தாள். பூனை மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“கழுத்துப் பக்கம் மட்டும் வுடாதன்னு சொன்னீங்க இல்ல, அது ஒன்னுதான் ஞாபகத்துல இருந்துச்சி டீச்சர். வயித்துப் பக்கமா உருட்டுனேன். உள்ள ஏதோ சடக்குனுச்சி. வுடாம உருட்டுனேன். இடுப்புக்கு வந்ததும் எப்படியோ எழுந்து குந்திக்கினேன்.”

இதுவரை நான் சொல்லிக்கொடுத்தபடி. இனிமேல் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாரை முழங்கால் வழியாக உருட்டித் தரையில் போட்டுவிட்டு எழுந்து வர வேண்டும். அவள் போடவில்லை. எதிர்ச் சுவரில் அறிவிப்பு இருந்தது. விலா எலும்பில் விரிசல் விட்ட நிலையில், ஐம்பது கிலோவை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, டைல்ஸ் உடையாமல் காப்பாற்றியபடி உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாய்ப்பாடு முடிந்து பாட்டு ஆரம்பித்ததாம்.

சார் ரவுண்ட்ஸ் வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பாரின் ஒரு முனையைத் தூக்கப் பார்த்தார். அசையவில்லை.

“போட்டுடும்மா. கீழ போட்டுடு.”

“தரை ஒடஞ்சிடுங்க சார்.”

“ஒடஞ்சா ஒடையட்டும். போடும்மா.”

“நீங்க காலை நவுத்திக்கங்க சார்.”

அவர் நகர்ந்துகொண்டார். அவள் போட்டாள். டைல்ஸ் நொறுங்கிய சத்தத்தில் பக்கத்து வகுப்புப் பாட்டு நின்றுபோனது.

ஒரு ஜீப்பில் ஏற்றி, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவள் பல்லைக் கடிக்க, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தகவல் கிடைத்து நான் உளுந்தூர்பேட்டையிலிருந்து நேராக அங்கே போனேன். டாக்டர், எப்படி அடிபட்டது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“கம்பி தூக்குனேங்க.”

“கட்டட வேலையா?”

“இல்லீங்க, சமையல் வேலை.”

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். விலாவில் விரிசல், நுரையீரலுக்கு ஒன்றும் இல்லை, ஓய்வெடுத்தால் சேர்ந்துவிடும் என்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் கலியபெருமாள் சார் நின்றிருந்தார். அவர் காலைப் பார்த்தேன். செருப்பு இல்லை. டைல்ஸ் அறை வாசலில் கழற்றியது அங்கேயே இருக்க, மலையிலிருந்து வெறுங்காலோடு வந்திருந்தார். அவருக்கே அது தெரிந்திருந்ததா என்று சந்தேகம்தான்.

மறுநாள் அவருக்குச் செருப்பும் சுய நினைவும் திரும்பக் கிடைத்துவிட்டன. டைல்ஸ் உடைந்ததற்குக் காரணம் எழுத வேண்டும். ஒரு பணியாளர் அடிபட்டதற்குக் காரணம் எழுத வேண்டும். அதிகாரி வேறு வரப்போகிறார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மிக மென்மையாகப் பேசினார்.

“அஞ்சலம்மா, சமையல்கட்டுல வழுக்கி வுழுந்துட்டதா எழுதிக் குடுத்துடும்மா. டைல்ஸ் மேல பீரோ சாஞ்சிடுச்சின்னு நான் எழுதிக்கறேன். உன் வேலைக்கும் ஒன்னும் ஆவாது.”

“நான் வழுக்கி வுழுவலியே சார்.”

“தெரியும்மா. எழுதறதுக்குச் சொல்றேன்.”

அஞ்சலை பேசினால் வலிக்கும். நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள்.

“கொதிக்கிற கொழம்ப எடுத்துக்கினு அந்தச் சமையல்கட்டுல தெனம் நடக்கறேன். ஒரு நாளு வழுக்குனதில்லீங்க சார். இவளால ஒன்னும் ஆவாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத்தான் எம்புருஷன் போனான். அம்பது கிலோ தூக்கிக்கினு இருந்தப்ப கை வுட்டுடுச்சின்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன். வழுக்கி வுழுந்தவன்னு எழுதாதீங்க.”

“வேலை போயிடும்மா.”

“போவட்டும்ங்க.”

சார் என்னைப் பார்த்தார், நான் புத்தி சொல்வேன் என்று. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இந்த வேலை போனால் அவளுக்குப் போக வேறு வீடு இல்லை. ஆனாலும் அந்த ஐம்பது கிலோவை அவளிடமிருந்து பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை. “அவ சொல்றபடியே எழுதிடுங்க சார்” என்றேன்.

அதிகாரி வந்தார். சாருடைய நாற்காலியில் உட்கார வைத்தோம். பாலிதீன் அவருக்குக் கீழே கரகரத்தது. அஞ்சலை, மார்பைச் சுற்றிப் போட்ட கட்டோடு எதிரில் நின்றாள்.

“சமையல் வேலைக்கு வந்தா சமையல் செய்ய வேண்டியதுதானேம்மா? பொம்பளைக்கு இந்தக் கம்பியெல்லாம் எதுக்கு?”

“சோத்து அண்டாவ யாருங்க சார் எறக்கறது?”

அதிகாரிக்கு அண்டாவைப் பற்றி எந்த விதிமுறையும் தெரியவில்லை. பேச்சை மாற்றி, டைல்ஸை உடைத்தது யார் என்றார். தரையை உடைத்தால் நடவடிக்கை என்று சுவரிலேயே எழுதியிருக்கிறதே, படிக்கத் தெரியாதா என்றார். அஞ்சலை வாயைத் திறப்பதற்குள் சார் எழுந்து நின்றார்.

“ஒடைக்கச் சொன்னது நான்தான் சார்.”

“நீங்களா?”

“ஆமாங்க. போடுன்னு நான்தான் சொன்னேன். அந்தம்மா போடாமதான் புடிச்சிக்கினு இருந்தாங்க. அந்த நோட்டீஸ ஒட்டுனதும் நான்தாங்க.”

அவர் அதைச் சொன்ன குரலில் வீரம் எதுவும் இல்லை. ஆசிரியரிடம் மாட்டிக்கொண்ட மாணவன் மாதிரி, கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னார். அவருக்கு ஒரு மெமோ கிடைத்தது. அத்தனை வருட வேலையில் அதுதான் முதல் மெமோ என்று கேள்விப்பட்டேன். அஞ்சலையின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அறையைப் பூட்டவும் இல்லை. ஆனால் பொறுப்பான நபர் ஒருவர் உடன் இல்லாமல் யாரும் பளு தூக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. உடற்கல்வியில் பட்டயமும் பளு தூக்குவதில் பதக்கமும் வைத்திருந்த நான், தூக்குகிற ஆள் என்பதால், பொறுப்பான நபர் ஆக முடியாதாம். வாழ்க்கையில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் தூக்கியறியாத கலியபெருமாள் சார் பொறுப்பான நபராக நியமிக்கப்பட்டார்.

அறிவிப்பு சுவரிலிருந்து இறங்கியது. மண் சாக்குகள் திரும்பி வந்தன. கொஞ்ச நாளில் கச்சிராயபாளையத்திலிருந்து வெல்டரை வரவழைத்து, பெஞ்சின் இருபுறமும் நிற்க இரண்டு இரும்புத் தாங்கிகள் செய்ய வைத்தார். உயரம் எவ்வளவு என்று என்னைக் கேட்டு, வெல்டரிடம் தானே அளந்து காட்டினார். அவற்றின் காலுக்கு ரப்பர் ஒட்டச் சொன்னதும் அவர்தான். அது தரைக்காக.

அஞ்சலை உடம்பு தேறி வந்த பிறகு, தினமும் மதியம் சாப்பாடு முடிந்ததும் சார் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அறை வாசலில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்தபடி உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். பெண்கள் படுத்துத் தூக்கும்போது ஆண் பார்ப்பது முறையல்ல என்பது அவர் தீர்மானம். உலகத்திலேயே பளுவைப் பார்க்காமல் பளுவுக்குக் காவல் இருந்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். நான் அஞ்சலைக்குச் சொல்வதெல்லாம் அவர் முதுகில் பட்டுக்கொண்டிருக்கும். துணைக்கு நிற்கும்போது முழங்காலை மடக்கு, கையைப் பக்கத்தில் வை, ஆனால் தொடாதே, தொட்டால் தூக்குகிறவள் நீ தூக்குவதாக நினைத்துவிடுவாள் என்பேன். அவர் ஒரு பக்கம் திருப்புவார். அஞ்சலை எனக்குத் துணை நிற்கவும், நான் அவளுக்குத் துணை நிற்கவும் பழகிவிட்டதால் உண்மையில் அவர் தேவைப்படவே இல்லை. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சல் வந்த ஒரு வாரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பிறகு அவருக்கு ஓய்வு வயது வந்தது. விழா நடத்தினோம். அவர் பாதுகாத்த பொருட்களைப் பற்றிப் பலரும் பேசினார்கள். இந்த விஷயத்தை யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. விழா முடிந்து, அவர் குடியிருப்பிலிருந்த சாமான்களை ஜீப்பில் ஏற்றினார்கள். ஓர் இரும்புப் பெட்டி மட்டும் மேலே கேரியரில் ஏற்ற வேண்டியிருந்தது. டிரைவர் ஆள் கூப்பிடப் போனான். அதற்குள் அஞ்சலை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெட்டியின் முன்னால் குந்தினாள்.

முதுகு வளையாமல், பெட்டியைத் தொடைக்கு ஏற்றி, தொடையிலிருந்து நெஞ்சுக்குக் கொண்டுவந்து, ஒரு மூச்சு எடுத்தாள். நான் வராந்தாவிலிருந்து இறங்கி ஓட நினைத்தேன். தேவை இருக்கவில்லை. அவளுக்குப் பின்னால் கலியபெருமாள் சார் நின்றிருந்தார். மாலை போட்ட கழுத்தோடு, முழங்கால்களை லேசாக மடக்கி, பெட்டியின் இருபுறமும் இரண்டு கைகளையும் விரித்து, படாமல், விலகாமல். பெட்டி மேலே போகப் போக அந்தக் கைகளும் கூடவே போயின. அது கேரியரில் உட்கார்ந்து அஞ்சலை கையை எடுத்த பிறகுதான் அவர் கைகளை இறக்கினார். பிறகு, ஏதோ பிழை செய்துவிட்டவர் போல எங்கள் யாரையும் பார்க்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஜீப் வளைவில் மறைந்ததும் அஞ்சலையிடம் கேட்டேன்.

“சார் பின்னாடி நின்னுக்கினு இருந்தாரே, பாத்தியா?”

“பாக்கல டீச்சர்,” என்றாள். புடவையை இறக்கிவிட்டுக்கொண்டே சமையல்கட்டுப் பக்கம் நடந்தாள். “ஆளு நின்னா தெரியாதா? அதான் ஒரே மூச்சுல தள்ளிட்டேன்.”